கருநீலக் கிணறுகள்

1

ஜெர்மனியின் ப்ரேமன் நகரத்துக்கு நான் வந்து சேர்ந்து இந்த மாதத்தோடு பதினாறு வருடம் முடிகிறது. அதைக் கொண்டாட வீட்டில் யாரும் கேக் வாங்கவில்லை. நான் அன்றைக்கு ஹாம்பர்க் போகும் ரயிலில் உட்கார்ந்திருந்தேன். மடியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு, அதற்குள் என் முகம் எட்டுப் பிரதி. முந்தின வாரம் கொண்டுபோன புகைப்படங்கள் ஜெர்மன் அளவில் இருந்ததால் மறுபடியும் எடுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. நம் நாட்டுக் காகிதங்களுக்கு முகம் சதுரமாக இருக்க வேண்டும், இந்த நாட்டுக் காகிதங்களுக்கு நீளமாக இருக்க வேண்டும். இரண்டு பேருக்குமே சிரிக்கக் கூடாது. சிரிக்கும் நிலையில் நான் இல்லாததால் அதில் மட்டும் சிக்கல் வரவில்லை.

காரியம் இதுதான். கும்மிடிப்பூண்டிக்கும் கவரைப்பேட்டைக்கும் நடுவில் அப்பா விட்டுப்போன நெல் வயல் எங்களுக்கு இருக்கிறது. என் தம்பி சேகர் அதை விற்கப் போகிறான். எனக்கும் பங்கு உண்டு என்பதால் என் கையெழுத்து வேண்டும். நினைத்தபோது ஊருக்குப் போக முடியாதவள் நான். அதனால் அவன் பெயருக்கு ஒரு பவர் பத்திரம் எழுதி, ஹாம்பர்க்கில் உள்ள நம் துணைத் தூதரகத்தில் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு, முத்திரை வாங்கி அனுப்ப வேண்டும்.

ரயில் பாதி தூரம் போயிருக்கும்போது சேகர் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். கூடவே குரல் செய்தி. "நம்ம நெலத்த வாங்கறவங்களோட போர்டுக்கா. பக்கத்துலியே மொத பேஸ் முடிச்சிட்டாங்க. நம்மளுது ரெண்டாவது பேஸ். எப்டிகீது பாரு."

மனைப்பிரிவு விளம்பர பிளெக்ஸ். மேலே ஒரு விமானம், ஒரு மின்சார ரயில், ஒரு கோயில் கோபுரம். ஓரத்தில் எந்த நாட்டுக்காரர்கள் என்றே தெரியாத ஒரு குடும்பம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. நடுவில் ஒரு வரைபடம். அதன் கீழே, 'நீர்வளம் கொழிக்கும் பகுதி. ஆதாரம்: அறிவியல் மன்ற ஆய்வு.' வரைபடத்தில் இருப்பதிலேயே கருத்த நீலத்தில் ஒரு அம்புக்குறி குத்தி நின்றது. 'நமது மனைகள் இங்கே.'

அந்த வரைபடத்தை வரைந்தவள் நான். அந்த நீலங்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தவளும் நான்தான். வெளிர்நீலத்தில் தொடங்கிக் கருநீலம் வரை ஐந்து படிகள். தண்ணீரில் உப்பும் உலோகமும் ஏற ஏற நீலமும் ஏறும். எந்தக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்கவே கூடாதோ அந்தக் கிணற்றுக்குத்தான் கருநீலம்.

போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். எதிரில் இருந்த பெரியவர் பயணத்தில் தலைசுற்றுகிறதா என்று கேட்டு ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினார். அவசரத்தில் ஜெர்மனில் அவருக்கு 'நீ' போட்டு நன்றி சொல்லிவிட்டேன். பதினாறு வருடம் ஆகியும் பதற்றம் வந்தால் 'நீங்கள்' வருவதில்லை. அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது.

தூதரகத்தில் என் சதுர முகத்தை ஏற்றுக்கொண்டார்கள். அதிகாரி காட்டிய மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பிளெக்ஸைப் பார்த்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. வந்த வேலையை முடித்துக்கொண்டு அப்புறம் யோசிக்கலாம் என்று போட்டேன். இதை மறைத்து எழுதலாம்தான், ஆனால் மற்றவர்களைப் பற்றி எழுதப்போவதை வைத்துப் பார்த்தால் அது அசிங்கம்.

2

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தேவராஜ் அண்ணன் பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறார். நான் தொழில் கற்றது அங்கேதான். பாலிடெக்னிக் முடித்த கையோடு இரண்டு வருடம் வேலை செய்தேன். நான் செய்த முதல் வடிவமைப்பு ஒரு காதணி விழா. காது குத்திக்கொள்ளும் குழந்தையின் படம் உள்ளங்கை அளவு, தாய்மாமன் படம் ஆள் உயரம், வட்டச் செயலாளர் படம் அதைவிடப் பெரிது. யார் தலை எந்த அளவு என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். ஒரு விரற்கடை குறைந்தால் கடை வாசலில் கைகலப்பு. எல்லா முகத்தையும் இரண்டு படி வெளுக்க வேண்டும், அது சொல்லாமலே செய்ய வேண்டிய வேலை. சொல்பவர்களும் இருந்தார்கள். "கொஞ்சம் கலர் ஏத்தும்மா, மாப்ள ஊட்டுக்காரங்க பாக்கறது."

ஜெர்மனிக்கு வந்து வடிவமைப்பை முறையாகப் படித்தபோது அந்தக் கடையை நினைத்தாலே எனக்கு உடம்பு கூசும். மூக்கில் அந்த மை வாடை வரும். நான் அதிலிருந்து தப்பித்து வந்தவள் என்று எனக்குள் ஒரு இறுமாப்பு. புலம்பெயர்ந்தவர்களுக்கு இது வசதியான இறுமாப்பு, ஏனென்றால் யாரும் வந்து சரிபார்க்கப் போவதில்லை.

நான்கு வருடத்துக்கு முன் தேவராஜ் அண்ணனே போன் செய்தார். அவர் இப்போது ஊர் அறிவியல் மன்றத்தின் செயலாளர். கிரகணம் வந்தால் கண்ணாடி கொடுப்பது, பள்ளிக்கூடங்களுக்குத் தொலைநோக்கி எடுத்துப்போவது என்று ஆரம்பித்த மன்றம். பொன்னேரியில் ஒரு கல்லூரியில் ஆய்வகப் பணியாளராக இருக்கும் நிர்மலா சேர்ந்த பிறகு கிணறுகளையும் ஆழ்துளைக் குழாய்களையும் சோதிக்க ஆரம்பித்தார்கள். தொழிற்பேட்டையைச் சுற்றி மாதம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை, ஸ்கூட்டியில். பெட்ரோல் அவளுடையது. அந்த எண்களைப் போட ஒரு இணையதளம் வேண்டும், இலவசமாகச் செய்து கொடுப்பாயா என்று கேட்டார்.

நான் துள்ளிக் குதித்தேன். ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற அரிப்பு எங்களைப் போன்றவர்களுக்கு ஒருநாளும் அடங்குவதில்லை. நிலத்தில் இறங்காமல், வெயிலில் நிற்காமல், நாற்காலியில் இருந்தபடியே சொறிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

தேவராஜ் அண்ணன் ஒரு பட்டியல் அனுப்பினார். முகப்பில் அவர் கைகூப்பிய படம். மேலே ஓடும் எழுத்து. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கைப் பெட்டி. புரவலர்கள் பெயர், வரிசை மாறாமல். நான் எல்லாவற்றையும் வெட்டினேன். வெள்ளைப் பக்கம், நடுவில் வரைபடம், கீழே மிகச் சிறிய எழுத்தில் நிறக் குறிப்பு, அவ்வளவுதான்.

"இன்னாம்மா கலா இது, பாதி பக்கம் காலியா கீது" என்றார் போனில். "நம்ம ஜனங்க பாத்தா இன்னும் வேல முடியலன்னு நெனச்சிக்குவாங்க."

"அப்படித்தான் இருக்கணும்ண்ணா. அது மூச்சு விடற இடம்."

"இன்னாவோ போ. நீ படிச்ச பொண்ணு."

போனை வைத்துவிட்டு நான் சிரித்தேன். இவர்களுக்கு ரசனையைக் கற்றுக்கொடுக்கப் பத்து வருடம் ஆகும் என்று என் கணவரிடம் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. ப்ரேமனில் வடிவமைப்பாளர்கள் கூடும் மாதாந்திர நிகழ்ச்சி ஒன்றில் அந்த வரைபடத்தைத் திரையில் போட்டுக் காட்டினேன். நீலங்கள் எவ்வளவு அமைதியாக இருக்கின்றன என்றார்கள். கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலோடு வீட்டுக்கு வந்து ஒரு வாரம் மிதந்துகொண்டிருந்தேன்.

3

இங்கேயும் நான் சில சங்கங்களுக்கு இலவசமாக வேலை செய்து கொடுக்கிறேன். அதில் ஒன்று, நகரத்துக்கு வெளியே இருக்கும் ஓடைகளையும் தோட்டக் கிணறுகளையும் அளந்து பார்க்கும் ஒரு சிறிய சங்கம். பன்னிரண்டு உறுப்பினர்கள். இந்த நாட்டில் மூன்று பேர் சேர்ந்தால் ஒரு சங்கம், சங்கம் என்றால் சட்டதிட்டம், கூட்டம் என்றால் குறிப்பேடு. காப்பி குறிப்பேடு வாசிப்பதற்கு முன்பா பின்பா என்பதற்கு வாக்கெடுப்பு நடந்ததை என் கண்ணால் பார்த்தேன். சங்கத்தின் சின்னத்தில் இருக்கும் தவளை இடதுபக்கம் பார்ப்பதா வலதுபக்கம் பார்ப்பதா என்பதற்கு இரண்டு கூட்டங்கள். ஊரில் தலையின் அளவுக்கு அடித்துக்கொண்டார்கள், இங்கே தவளையின் திசைக்கு. எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் எரிச்சல் தந்தது.

அவர்களுக்கும் ஒரு வரைபடம் செய்தேன். ஊருக்குச் செய்த அதே அமைப்பு, அதே ஐந்து நீலம். முதல் கூட்டத்திலேயே ஹெல்கா கையைத் தூக்கினாள். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வடிவமைப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"இந்தக் கருநீலம் எனக்கு நல்ல சுத்தமான தண்ணீராகத் தெரிகிறது. எனக்குத் தாகம் எடுத்தால் நேராக அங்கேதான் போவேன்" என்றாள்.

நிறக் குறிப்பு கீழே இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. நல்ல கவனிப்பு என்று சொல்லித் தலையாட்டினேன். வீட்டுக்குப் போய்ச் சமையலை முடித்த கையோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் பழுப்பு நிறத்துக்கு மாற்றினேன். ஒரு மணி நேர வேலை. அடுத்த கூட்டத்தின் குறிப்பேட்டில் எனக்கு நன்றி பதிவானது.

ஹாம்பர்க்கிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம், ஒன்றும் சொல்லாமல் அந்தப் பிளெக்ஸ் படத்தை என் மகள் மீராவிடம் நீட்டினேன். அவளுக்குப் பதினைந்து வயது. இங்கேயே பிறந்தவள். தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள், என் மேல் பிரியம் பொங்கினால் மட்டும் பாதித் தமிழ் வரும். தமிழ் எழுத்து சுத்தமாகத் தெரியாது. இரண்டு வருடம் சனிக்கிழமை வகுப்புக்கு அனுப்பினேன், அவள் 'ங'வைத் தாண்டவில்லை.

படத்தைப் பார்த்தாள். "உன் ஊரா?" என்றாள், ஜெர்மனில். எப்போதும் 'உன் ஊர்'தான், நம் ஊர் என்று ஒருநாளும் வந்ததில்லை. "நல்லா இருக்கே. இங்க நிறையத் தண்ணி இருக்கா?" என்று அம்புக்குறியைத் தொட்டுக் காட்டினாள்.

எழுத்தே படிக்கத் தெரியாதவள், நிறத்தை மட்டும் பார்த்துச் சொன்னாள். நான் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தேன்.

4

மறுநாள் இங்கே மத்தியானம், அங்கே சாயங்காலம். நிர்மலாவுக்குப் போன் செய்தேன். அவளை நான் நேரில் பார்த்தது இரண்டே முறை. என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

"அந்தப் பிளெக்ஸ் பாத்தியா நிர்மலா?"

"பாத்துக்கினுதான் கீறேங்க்கா. ஸ்டேசன்கிட்ட ஒண்ணு, பைபாஸ்ல ஒண்ணு. அந்த மொத பேஸ்ல ஏற்கெனவே ஊடு கட்டிக்கினு வந்துட்டாங்க."

"யாரு?"

"லட்சுமின்னு ஒரு பொண்ணு. பழவேற்காடு பக்கம் கடலோர குப்பத்துக்காரங்க. அவ ஊட்டுக்காரு இங்க ஃபிட்டரா கீறாரு, காண்ட்ராக்ட்ல. அந்தப் பக்கம் தண்ணி எப்பவுமே உப்பு, இங்கயாச்சும் நல்ல தண்ணி குடிக்கலாம்னு வந்தாங்களாம். போன மாசம் நான் அவங்க போர்ல தண்ணி எடுக்கப் போனேன். உப்பு பாக்கற மீட்டர வெச்சா அது பாட்டுக்கு ஏறிக்கினே போவுது. இத எப்டிம்மா குடிக்கறீங்கன்னேன். அந்தப் பொண்ணு போன எடுத்து உங்க மேப்ப காட்டுதுக்கா. 'இங்கதான் நல்லா நீலமா கீது பாருங்க, இத பாத்துதான் வாங்கினோம்'னு."

வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"கைக்கொழந்த ஒண்ணு கீதுக்கா" என்றாள் நிர்மலா.

"இப்படிப் புரிஞ்சிக்குவாங்கன்னு நான் நினைக்கவே இல்ல."

நிர்மலா மெதுவாகச் சொன்னாள். "நான் சொன்னேனேக்கா. நீங்க ஒரு லிங்க் அனுப்பிச்சீங்க."

போனை வைத்துவிட்டுப் பழைய செய்திகளைத் தேடினேன். இருந்தது. ஹெல்கா கை தூக்கிய அதே மாதம், அதற்கு ஒன்பது நாள் முந்தி. 'அக்கா ஜனங்க கருநீலத்த நல்ல தண்ணின்னு நெனைக்கறாங்க. நாலு ஊர்ல கேட்டுட்டேன். கலர மாத்த முடியுமா?' அதற்கு நான் அனுப்பியது, நிறப் படிகளைப் பற்றி ஒரு ஆங்கிலக் கட்டுரையின் இணைப்பு. கூடவே ஒரு வரி. 'நிறக் குறிப்பு கீழே தெளிவாக இருக்கிறது, அதைப் படிக்க மக்களைப் பழக்க வேண்டும்.' கடைசியில் ஒரு கட்டைவிரல். 'சரிங்க அக்கா' என்று அவள் முடித்திருந்தாள்.

அந்தக் கட்டைவிரலைப் பார்க்கப் பார்க்க என் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. ஹெல்கா கேட்டபோது ஊர் வரைபடம் எனக்கு நினைவுக்கு வரவே இல்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. வந்தது. பழுப்பை ஊற்றிக்கொண்டிருந்தபோதே, ஊருடையதையும் மாற்ற வேண்டுமே என்று ஒரு கணம் தோன்றியது. கைதட்டல் வாங்கிய வரைபடம், கெடுக்க மனசு வரவில்லை. அதோடு, ஹெல்கா கேட்டால் அது கருத்து, நிர்மலா கேட்டால் அது மூச்சு விடும் இடத்தைக் காலி மனை என்று நினைக்கும் கூட்டத்தின் புலம்பல். நான் அப்படித்தான் நினைத்தேன். வெள்ளைக்காரி சொன்னால் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமையெல்லாம் சொந்தப் பெட்ரோலில் கிணறு கிணறாகப் போகிறவள் சொன்னால் ஒரு லிங்க்.

ஒரு பழைய மலிவுப் போன் வீட்டில் கிடந்தது. அதில் இணையதளத்தைத் திறந்தேன். திரை முழுக்க வரைபடம் வந்து நின்றது. நிறக் குறிப்பைப் பார்க்க விரலால் ஐந்து முறை தள்ள வேண்டியிருந்தது. வரைபடத்தின் மேல் விரல் பட்டால் பக்கம் நகராமல் வரைபடமே நகர்ந்தது. நான்கு வருடத்தில் ஒருநாளும் இப்படித் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

5

முதலில் தேவராஜ் அண்ணனிடம் கேட்டேன்.

"ஆமாம்மா, நம்ம கடையிலதான் அடிச்சாங்க" என்றார், ஒளிவு மறைவே இல்லாமல். "மேப்ப நான்தான் எடுத்துக் குடுத்தேன். அறிவியல் தினத்துக்குப் பந்தலு, சேரு, நாஷ்டா எல்லாமே அந்த பிளாட் போடறவரு செலவு. இது கூடக் குடுக்கலன்னா நல்லா இருக்குமா?"

"அது கெட்ட தண்ணின்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"எனுக்குத் தெரியும். அவுருக்கும் தெரியும்னுதான் நெனைக்கறேன்."

"அப்புறம் எப்படிண்ணா நீர்வளம்னு போட்டீங்க?"

"எழுதினது அவுங்க. கலர் போட்டது நீ. நான் ஒரு புள்ளி கூட மாத்தலியேம்மா. ஒரிஜினல் அப்டியே வெச்சிருக்கேன். எங்க கலர் ஏத்திட்டா நீ கோச்சிக்குவியோன்னு அதக்கூடத் தொடல."

உண்மைதான். என் வாழ்க்கையில் முதல் முறையாக அவர் நான் கொடுத்த நிறத்தை மதித்திருக்கிறார். அந்த நேர்மை அருவருப்பாக இருந்தது. போனில் அவர் மசால் வடையோ எதையோ மென்றுகொண்டே பேசியது அதைவிட அருவருப்பாக இருந்தது.

அடுத்து சேகர்.

"சேகர், நம்ம வயல் கிணத்துத் தண்ணிய நீங்க குடிக்கறீங்களா?"

"இன்னாக்கா கேள்வி இது. நாங்க கேன் தண்ணி வாங்க ஆரம்பிச்சி எத்தினி வருசம் ஆவுது. மாடு கூட அத மோந்து பாத்துட்டுப் போயிடும்."

"அப்ப அந்தப் பிளெக்ஸப் பாத்து உனக்கு ஒண்ணும் தோணலையா?"

"தோணிச்சி. எங்க அக்கா போட்ட மேப்புன்னு தோணிச்சி." சிரித்தான். நான் சிரிக்காததைக் கவனித்து நிறுத்தினான். "நான் யாருகிட்டயும் நல்ல தண்ணின்னு சொல்லலக்கா. வாங்கறவன் பாத்து வாங்கட்டும்."

எல்லோருமே கை சுத்தம். மனை விற்பவர் வரைபடத்தைக் காட்டுகிறார், தேவராஜ் அண்ணன் புள்ளி மாற்றாமல் அச்சடிக்கிறார், தம்பி வாயே திறக்கவில்லை. நான் கீழே சிறிய எழுத்தில் குறிப்புப் போட்டிருக்கிறேன். இத்தனை சுத்தமான கைகளைத் தாண்டித்தான் அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கருநீலத்துக்கு நடுவே வந்து குடியேறியிருக்கிறாள்.

"நான் கலர மாத்தப் போறேன் சேகர்."

"மாத்து. ஆனா பத்திரம் முடிஞ்சப்புறம் மாத்திக்கோ. ஒரு மாசம்தான்."

"அந்த ஒரு மாசத்துல இன்னும் நாலு பேரு வாங்குவாங்க."

"இப்ப மாத்தினா நம்மளுத ஒருத்தரும் வாங்க மாட்டாங்க." அவன் குரல் ஏறியது. "பதினாறு வருசமா நீ அங்க கீற. நான் இந்தத் தண்ணியில நாத்து வுட்டு நட்டுக்கினு கீறேன். பாதிக்குப் பாதி பதருக்கா. நெல்லு எடுக்க வர்றவன் கையில அள்ளிப் பாத்துட்டு அப்டியே கொட்டிட்டுப் போறான். நீ அங்க உக்காந்துக்கினு கலர மாத்துவ. நான் இங்க இன்னாத்த மாத்தறது?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும், மாடு மோந்து பார்த்துவிட்டுப் போகும் தண்ணீரை ஒரு கைக்குழந்தைக்கு விற்கலாம் என்று என் கூடப் பிறந்தவன் கணக்குப் போட்டதை நினைத்தபோது அருவருப்பாக இருந்தது. அந்தக் கணக்குக்கு முத்திரை வாங்கிய கையெழுத்து என் மேஜை மேல் உறைக்குள் இருந்தது. ஆகவே அதிகம் அருவருத்துக்கொள்ளவும் எனக்குத் தகுதி இல்லை.

6

அன்றைக்கே மாற்றினேன். ஐந்து படிகளைத் தூக்கி எறிந்தேன். ஒவ்வொரு கிணற்றின் மேலும் பெரிய எழுத்தில் இரண்டே வாசகம், 'குடிக்கலாம்' அல்லது 'குடிக்கக் கூடாது'. எழுத்துகள் ஒன்றன் மேல் ஒன்று முட்டிக்கொண்டன. பக்கம் முழுக்க அடைசலாக, தேவராஜ் அண்ணன் கடையில் அடித்த காதணி விழா பிளெக்ஸ் மாதிரியே வந்து நின்றது. பழைய மலிவுப் போனில் திறந்தேன். திறந்தவுடனே தெரிந்தது. எந்தக் கூட்டத்திலும் இதைத் திரையில் போட்டுக் காட்ட முடியாது.

நிர்மலாவிடம் மன்னிப்புக் கேட்டேன். ஹெல்கா விஷயத்தையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை. "பரவால்லக்கா" என்றாள். பரவாயில்லை என்பது போல அவள் குரல் இல்லை. எங்கள் வயல் கிணறு வரைபடத்தில் இல்லாததை அப்போதுதான் கவனித்து, அதையும் அளந்து தர முடியுமா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை போனாள். சேகர் விரட்டுவான் என்று பயந்தேன். அவன் மோட்டாரைப் போட்டுவிட்டு, "எழுதிக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வரப்போடு போய்விட்டானாம். அன்று சாயங்காலம் எங்கள் கிணற்றின் மேலும் 'குடிக்கக் கூடாது' என்று எழுதினேன்.

பவர் பத்திரத்தையும் அனுப்பிவிட்டேன். அவன் உழைத்த நிலம், அவன் முடிவு செய்யட்டும் என்றுதான். அதில் நியாயமும் இருக்கிறது, கைகழுவலும் இருக்கிறது. எது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வாங்குவதாக இருந்தவர்கள் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம். இது சேகரின் மனைவி சொல்லித் தெரிந்தது. சேகர் என் போனை எடுப்பதில்லை. தேவராஜ் அண்ணன் இணையதளத்தின் கடவுச்சொல்லைக் கேட்டு மூன்று முறை செய்தி அனுப்பினார். "மன்றம் உன் ஊட்டு சொத்தாம்மா?" என்று நான்காவது முறை கேட்டார். கடவுச்சொல்லை நிர்மலாவுக்குக் கொடுத்தேன். ஸ்டேஷன் பக்கத்துப் பிளெக்ஸ் இன்னும் அப்படியே நிற்கிறது. அதில் என் நீலங்கள் வெயிலில் கொஞ்சம் வெளுத்திருக்கின்றனவாம்.

இரண்டு வாரம் கழித்து நிர்மலா ஒரு போன் எண் அனுப்பினாள். லட்சுமி என்னோடு பேச வேண்டும் என்கிறாளாம். திட்டத்தான் போகிறாள், திட்டட்டும் என்று இருந்தேன். அவள் திட்டினால் எனக்குக் கொஞ்சம் இறங்கும் என்றுகூட ஒரு எண்ணத்தோடு கூப்பிட்டேன்.

"அக்கா, நீங்கதான் மேப்பு போடறவங்களா?"

"ஆமாம்மா."

"புதுசா மாத்தியிருக்கீங்கல்ல, அதுல எங்க ஊட்டு மேலயும் எழுதியிருக்கு." பின்னால் குழந்தையின் சத்தம் கேட்டது. "தப்பா நெனச்சிக்காதீங்க. அத எடுத்துட்டு அந்தப் பழைய நீலத்தியே போட்டுடறீங்களா?"

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். "ஏம்மா?"

"இத வித்துட்டு நாங்க வெளிய போயிடலாம்னு கீறோம்க்கா. போன வாரம் ஒருத்தரு வந்து பாத்தாரு. நல்லாத்தான் பேசிக்கினு இருந்தாரு. அப்புறம் போன்ல உங்க மேப்ப பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாம வண்டிய எடுத்துக்கினு போயிட்டாரு. நாங்க வித்து முடிக்கிற வரைக்கும்தான். அப்புறம் நீங்க இன்னா வேணாலும் எழுதிக்குங்க."

"வாங்கறவங்க வீட்டுலயும் குழந்தை இருக்குமேம்மா."

"எங்களுக்கு யாராச்சும் சொன்னாங்களாக்கா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்பது போலக் கேட்டாள்.

தேவராஜ் அண்ணன் மேலும் சேகர் மேலும் எனக்கு வந்த அருவருப்பு இவள் மேல் வர வேண்டும், வரவில்லை. இவளை இந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியவளிடம்தான் இவள் கேட்கிறாள். வாங்கும்போது ஒருவரும் சொல்லாததை விற்கும்போது இவள் மட்டும் சொல்ல வேண்டும் என்று, ஒருத்தி கை தூக்கினால் ஒரு மணி நேரத்தில் பழுப்பு வந்துவிடும் ஊரில் இருந்துகொண்டு, நான் சட்டம் பேசுகிறேன்.

"மாத்த மாட்டேம்மா" என்றேன். என் காதுக்கே அது அசிங்கமாகக் கேட்டது. திரும்பவும் சொன்னேன். "அத மாத்த முடியாது."

சரி என்றாள். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை, குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லாகீதுக்கா. நிர்மலாக்கா சொன்னதுலேருந்து கொழந்தைக்குக் கேன் தண்ணி வாங்கிடறோம்" என்றாள். "நாங்க ரெண்டு பேரும் அந்த போர் தண்ணியேதான் குடிக்கறோம்."